சாமந்திக்குள் மூக்கு மருந்து

எங்கள் லா ப்ளூமாவில் ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், சுற்றியிருப்பவர்கள் கண் எல்லாம் எர்லிண்டா கந்தூவின் கைப்பையைத்தான் தேடும். கோவிலானாலும் கல்யாணமானாலும் வெள்ளிக்கிழமை பந்தாட்டத் திடலானாலும் அந்தக் கறுப்புப் பை அவள் மடியில் இருக்கும். வயிற்றுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, தூக்கம் வராதவருக்கு ஒன்று. எல்லாம் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு. பாலத்தை நடந்து கடந்தால் மெக்ஸிகோ. சனிக்கிழமை காலையில் போவோம், பல்லைப் பிடுங்கிக்கொள்வோம், முடி வெட்டிக்கொள்வோம், டாக்கோ தின்போம், ஒரு பை நிறைய மாத்திரையோடு திரும்புவோம். இந்தப் பக்கம் டாக்டரைப் பார்ப்பதென்றால் வீட்டை விற்றுவிட்டுத்தான் போக வேண்டும்.

அதனால் எங்கள் ஊரில் மாத்திரை கொடுப்பது காபி கொடுப்பது மாதிரி. வந்தவருக்கு வலி இருந்தால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாமென்றால் கொடுத்தவருக்கு முகம் சுருங்கிவிடும். "அந்தப் பக்கத்துது" என்று சொன்னால் மேலே கேள்வி கிடையாது. எர்லிண்டாவுக்கு ஊர் வைத்த பெயரே 'பார்மசி'தான். அவளும் அதைப் பட்டம் மாதிரி சுமந்து திரிந்தாள்.

நான் சோய்லா. திடலுக்குள் நாச்சோ என்கிற சோள வறுவலும் எலுமிச்சைச் சாறும் விற்கும் தகரக் கடை என்னுடையது. எர்லிண்டாவின் ஒரே மகன் ஆபெலுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவு வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருத்தியை ஒருத்தி 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட வேண்டும், சண்டை போடும்போதும். நாங்கள் நிறைய கொமாத்ரே போட்டிருக்கிறோம்.

எர்லிண்டா குட்டை. குரல் மட்டும் நெட்டை. பகலில் வெங்காயக் கொட்டகையில் மூட்டை கட்டுவாள். கோடை முடிந்தால் அவள் வீட்டுக் கார் கொட்டகை சாமந்திக் கொட்டகையாகிவிடும். பழைய மாணவர்கள் எல்லாம் ஊர் திரும்ப, வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் ஹோம்கமிங் ஆட்டத்துக்கு எங்கள் பள்ளிப் பெண்பிள்ளைகள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் துணிச் சாமந்தியைத்தான் சொல்கிறேன். பூ தாம்பாளம் அகலம் இருக்கும். அதிலிருந்து முழங்கால் வரை பச்சையும் மஞ்சளுமாக ரிப்பன் தொங்கும். ரிப்பனில் மணிகள், மின்னும் எழுத்தில் பெயர், நட்டநடுவில் ஒரு குட்டிக் கரடி பொம்மை. போட்டுக்கொண்டு நடந்தால் கோவில் தேர் வருகிற மாதிரி சலசலக்கும். எர்லிண்டா கட்டின சாமந்தி என்றால் பெண்கள் தலை ஒரு சாண் உயர்ந்துவிடும். மற்றவர்கள் கட்டுவதும் சாமந்திதான், பாவம்.

ஆபெல் எங்கள் பள்ளி அணியில் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரன். அணிக்குப் பெயர் காட்டுப்பன்றிகள். பெயர் வைத்தவன் இவன் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் வைத்திருப்பான் என்று நான் கேலி செய்வேன். "ஞானத்தாயே, பன்னிக்கு இன்னொரு நாச்சோ" என்று வந்து நிற்பான். அப்படி ஒரு பிள்ளை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவன் முட்டி வீங்கிவிட்டது. சனிக்கிழமை பகலில் கூட்டாளி ஒருவன் வந்து நீல மாத்திரை ஒன்றைக் கொடுத்தான். "எங்க அத்தை அந்தப் பக்கத்துலேர்ந்து வாங்கினது" என்றான். அத்தையும் இல்லை, பாலமும் இல்லை. செல்போனில் முகம் தெரியாத எவனிடமோ வாங்கியிருக்கிறான். அவனும் பிள்ளைதான். தன் முதுகுவலிக்கு ஒன்று போட்டு, ஒன்றும் ஆகாமல் போனதால் நண்பனுக்கும் கொடுத்தான். ஒரே பையிலிருந்த இரண்டு மாத்திரையில் ஒன்றில் கொஞ்சம், இன்னொன்றில் கொலை. மருந்துக் கடை மாத்திரையின் அதே நீலம், அதே வட்டம், மேலே பொறித்த அதே எண். உள்ளே இருந்தது ஃபென்டனில், துளி கூடினாலும் மூச்சை நிறுத்திவிடும் போதை மருந்து.

எர்லிண்டா கார் கொட்டகையில் ரிப்பன் ஒட்டிக்கொண்டிருந்தாள். கூடத்துச் சோபாவில் ஆபெல் குறட்டை விடும் சத்தம் கேட்டது. அவன் வழக்கமாக விடும் குறட்டை இல்லை. தொண்டையில் தண்ணீர் நிற்பது போல ஒன்று வந்து, நெடுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, மறுபடி வந்தது. பிள்ளை அசந்து தூங்குகிறான் என்று நினைத்தாள். தூக்கம் கலையக் கூடாதென்று ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

அதைத்தான் அவளால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ரேடியோவைக் குறைத்ததை.

ஆபெலின் அடக்கம் முடிந்து ஒன்பது நாள் செபமாலை அவள் வீட்டில் நடந்தது. கடைசி நாள் சமையலறையில் சூப்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள் பெர்லா ட்ரெவினியோ. டயர் கடைக்காரி. பந்தாட்ட அணிக்கான பெற்றோர் சங்கத்தின் தலைவி. எங்கள் ஊரில் மேயரை எவனாவது எதிர்த்துப் பேசுவான், பெர்லாவை எவனும் பேச மாட்டான். கெட்டவள் இல்லை. சாவு வீடு என்றால் முதல் அண்டாவை அவள்தான் தூக்கிக்கொண்டு வருவாள்.

"எர்லிண்டா, கேக்கறவங்ககிட்ட இதயம் நின்னுபோச்சுன்னு சொல்லிடு" என்றாள். "பொய் ஒண்ணும் இல்லையே. கடைசில எல்லாருக்கும் இதயந்தான நிக்குது. நாங்களும் அப்படித்தான் சொல்லிட்டு இருக்கோம். பிள்ளை பேரு கெட வேணாம்."

எர்லிண்டா செபக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். கடைசி மணி உருட்டி முடிந்ததும் எழுந்து நின்றாள். மடியிலிருந்த கறுப்புப் பையை மாதாவின் படத்துக்கு முன்னாலிருந்த மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மாத்திரைகள் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே உருண்டு தரையெல்லாம் ஓடின.

"என் பிள்ளைக்கு இதயம் நல்லா இருந்துச்சு. ஒரு போலி மாத்திரை அவனைக் கொன்னுடுச்சு. வலின்னா யாரு கையிலேர்ந்தும் வாங்கிப் போட்டுக்கலாம்னு அவனுக்குப் பழக்கினது நான். உங்க எல்லாருக்கும் பழக்கினதும் நான்தான். இனிமே எங்கிட்ட கேக்காதீங்க. யாருகிட்டயும் கேக்காதீங்க."

பிறகு நடந்தது எனக்கு இப்போதும் எரிச்சல். இரண்டு கிழவிகள் குனிந்து தரையில் உருண்ட மாத்திரைகளைப் பொறுக்கித் தங்கள் பையில் போட்டுக்கொண்டார்கள். வீணாகப் போகக் கூடாதாம்! நான் அவர்கள் கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கினேன். மாதா படத்துக்கு முன்னால் என் வாயில் வந்த வார்த்தைகளுக்குச் சாமியாரிடம் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

அந்த வருஷம் யாரும் அவளிடம் சாமந்தி வாங்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. துக்கத்தைக்கூட மன்னிப்பார்கள், உண்மையைச் சொன்னதை மன்னிக்க மாட்டார்கள். அவள் கணவன் சூயி வாயில்லாப் பூச்சி. லாரியைத் துடைத்துக்கொண்டே, "ஊரு வேணாம்னா நமக்கும் ஊரு வேணாம். கிளம்பிடலாமா?" என்று கேட்டுப் பார்த்தான். "என் பிள்ளை இங்க படுத்திருக்கான்" என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஆனால் சும்மா இருக்கிற ஜென்மமா அது? மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். ஃபென்டனில் மூச்சை அமுக்கும்போது அதைத் தட்டி எழுப்ப மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கிறது. பெயர் நாலோக்சோன். எங்களுக்கு மூக்கு மருந்து. அங்கே இலவசமாகவே கொடுக்கிறார்கள், கேட்பாரில்லாமல் பெட்டி பெட்டியாகக் கிடந்ததாம். அவள் லாரி கொண்டுபோய்க் கேட்டாள்.

பிறகு ஞாயிற்றுச் சந்தையில், மாம்பழத்தில் மிளகாய்ப்பொடி தூவி விற்பவனுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். நானும் துணைக்குப் போனேன். பெரிய அட்டையில் இரண்டு நீல மாத்திரைகளின் படம். போகிறவர் வருகிறவரை நிறுத்தி, இதில் எது நிஜம் என்று கேட்பாள்.

தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இடது பக்கம். நான் எத்தனை வருஷமா அந்தப் பக்கம் போய் வாங்கறேன், என்னை ஏமாத்த முடியுமா?"

"அது போலி, ஐயா."

"அப்போ வலது. நான் அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அதுவும் போலி."

"என்னம்மா இது, மோசடியா இருக்கே! அப்போ நிஜம் எங்க?"

"மருந்துக் கடைல உங்க பேரை ஒட்டி உங்க கையில குடுக்கறாங்களே, அந்த டப்பால. கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கலாம்னு நெனைச்சீங்கல்ல? அங்கதான் சாவு உக்காந்திருக்கு."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு மாம்பழம் வாங்கப் போய்விட்டார். எல்லாரும் மாம்பழம்தான் வாங்கினார்கள். மேஜையில் மூக்கு மருந்து அடுக்கினபடியே இருந்தது. அதைத் தொட்டால் தங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருப்பதாக ஆகிவிடுமோ என்று பயம்.

"கொமாத்ரே, செவிடன் காதுல சங்கு ஊதறோம். வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இன்னொரு பிள்ளை போகும் சோய்லா. நிச்சயமா போகும். அன்னைக்கு அந்த வீட்டுல யாரு கையிலயாவது இது இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சோறு தின்றாள், தூங்கினாள், காலையில் எழுந்தாள்.

மூன்றாவது வருஷம் ஒரு கதவு திறந்தது. திறந்தவள் பெர்லாவின் சொந்த மகள் மிரேயா.

இரண்டு வருஷமாக ஊர்ப் பெண்பிள்ளைகள் வேறு யாரோ கட்டின சாமந்தியைக் குத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். பசை விட்டுப்போய் பாதி வழியில் கரடி கழன்று விழும். மிரேயாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மாலை கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"எர்லிண்டா அத்தை, எனக்கு ஒரு சாமந்தி கட்டித் தரீங்களா? அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க."

எர்லிண்டா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நான் ரிப்பன் சுற்றிக்கொண்டு அங்கேதான் இருந்தேன். அவள் மூளையில் ஏதோ பற்றிக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

"கட்டித் தரேன். ஆனா ஒரு நிபந்தனை. உன் கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வா. எல்லாருக்கும் கட்டித் தரேன். ஒவ்வொருத்தியும் இந்த மேஜைல உக்காந்து நான் சொல்றதைக் கத்துக்கிட்டுத்தான் பூவை எடுத்துட்டுப் போகணும்."

ஒருத்தி நாலு பேரைக் கூட்டிவந்தாள், நாலு பேர் வகுப்பையே கூட்டிவந்தார்கள். எர்லிண்டா ஒவ்வொரு கரடிக்கும் பின்னால் பச்சைச் சாட்டினில் ஒரு பை தைத்தாள். பைக்குள் ஒரு மூக்கு மருந்து. பாடம் நடந்ததும் கரடி மேலேதான். பயிற்சிக்கென்று கொடுத்த வெற்றுக் குழலைக் கரடியின் மூக்கில் வைத்து அழுத்த வேண்டும். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. கையை எடுக்காதீங்க" என்பாள். "மொதல்ல உலுக்கு. பேரைச் சொல்லிக் கத்து. நெஞ்செலும்புல கைமுட்டியால அழுத்தித் தேய். எழும்பலையா, ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போடச் சொல்லு. தலையை நிமித்தி ஒரு மூக்குல அடி. மூச்சு இல்லைன்னா வாயில ஊதிக்கிட்டே இரு. ரெண்டு மூணு நிமிஷத்துல எழும்பலைன்னா அடுத்த மூக்குல இன்னொண்ணு. விட்டுட்டு மட்டும் ஓடாதீங்க. எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், மருந்து இறங்கினா மறுபடி சாயலாம்."

"அத்தை, ஆளு தூங்கறானா இல்லை போறானான்னு எப்படித் தெரியும்?" என்று மிரேயா கேட்டாள்.

எர்லிண்டா ரிப்பனைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குறட்டையை விட்டுக் காட்டினாள். தொண்டையில் தண்ணீர் நிற்பது போல ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி ஒன்று. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உள்ளே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

விஷயம் பெர்லாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? டயர் கடைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மகளும் அங்கே கற்றுக்கொண்டவள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

"சந்தோஷமான நாள் எர்லிண்டா. ஒரே ஒரு நாள். அன்னைக்கும் பொண்ணுங்க நெஞ்சுல சாவைத் தொங்க விடணுமா?"

"கரடிக்குப் பின்னால இருக்கறது சாவு இல்லைடி, மூச்சு."

"வெளியூர்க்காரன் பாத்தா என்ன சொல்வான்? லா ப்ளூமால எல்லாப் பிள்ளைங்களும் போதைல கிடக்குதுன்னு சொல்ல மாட்டான்?"

"என் பிள்ளை முட்டி வலின்னு படுத்தவன், பெர்லா. உனக்கே தெரியும். போதைல கிடக்கறவனா இருந்தாலும் மூச்சு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பெர்லாவின் கண் ஒரு கணம் கலங்கியது. ஆனால் தலைவியாயிற்றே. "ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிட்டேன். மருந்து எதுவும் திடலுக்குள்ள வரக் கூடாது. வாசல்ல நானே நின்னு வாங்கி வைப்பேன். ஆட்டம் முடிஞ்சதும் திருப்பித் தருவேன். கோவிச்சுக்காதே" என்று போய்விட்டாள்.

எர்லிண்டா ஊசியை எடுத்தாள். மிச்சமிருந்த கரடிகளுக்கும் பை தைத்து முடித்தாள்.

ஹோம்கமிங் வெள்ளிக்கிழமை. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஊர்வலம் கடைத்தெருவில் இருந்தது, கூட்டம் திடலுக்குள் வந்துகொண்டிருந்தது. வாசலில் பெர்லா தங்கநிறக் குதிகால் செருப்போடு நின்று, துணி துவைக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றில் மூக்கு மருந்துகளை வாங்கிப் போட்டாள். பெண்பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டார்கள். மகள் நெஞ்சிலும் எர்லிண்டாவின் சாமந்தியைப் பார்த்து அவள் முறைக்க, மிரேயா தன் கரடியின் வெறும் பையைத் திறந்து காட்டிவிட்டு அம்மாவுக்கு ஒரு முத்தம் கொடுத்து உள்ளே வந்தாள். அவளுடைய மருந்து அவள் பூட்ஸுக்குள் இருந்தது.

என் கடைக்குப் பின்னால் பாண்டு வாத்தியக் கோஷ்டியின் பஸ் நின்றிருந்தது. அதன் படியில் சாய்ந்து, மடியில் முரசோடு, ஓமார் என்கிற பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி வீங்கியிருந்தது என்று கூட்டாளிகள் சொன்னார்கள். யாரோ ஒருவன் வலிக்கு ஒன்று கொடுத்தானாம். அந்தப் பக்கத்துது என்றானாம். பையன் குறட்டை விட, மற்றவர்கள் செல்போனில் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மிரேயா எலுமிச்சைச் சாற்றுக்காக என் முன்னால் நின்றாள். கோப்பையை வாங்கக் கை நீட்டினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சோய்லா அத்தை. அது குறட்டை இல்லை."

எனக்கும் கேட்டது. தண்ணீர் நிற்பது போல ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. என் கையிலிருந்த கோப்பை கல்லாமேல் சாய்ந்து வழிந்தது.

அவள் ஓடினாள். மணியும் ரிப்பனும் பறக்க ஓடினாள். "ஓமார்! ஓமார்!" உலுக்கினாள். நெஞ்செலும்பில் கைமுட்டியால் தேய்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "செல்போன்ல படம் பிடிக்கற நாயே, ஆம்புலன்ஸுக்குப் போடு!" என்று கத்தினாள். அந்தப் பிள்ளையின் வாயில் நான் அதுவரை நாய் என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. அவனைத் தரையில் கிடத்தித் தலையை நிமிர்த்தி, பூட்ஸுக்குள் கைவிட்டு எடுத்து, கரடிக்கு அடித்தது போலவே அடித்தாள். மூச்சு ஊதினாள். மறுபடி ஊதினாள்.

திடலில் எப்போதும் நிற்கும் ஆம்புலன்ஸ் அன்று ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. ஓமார் எழும்பவில்லை. ஊதலுக்கு நடுவில் மிரேயா தலையைத் தூக்கினாள். "இன்னொண்ணு வேணும்! அம்மாகிட்ட கூடைல இருக்கு!"

என்னால் ஓட முடியாது, என் உடம்பைப் பார்த்தால் தெரியும். ஆனால் ஆர்டர் எண்ணைக் கூப்பிட எனக்கு ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. அதைப் பிடித்தேன். "பெர்லா! கூடையோட ஓடி வாடி! பாண்டு பஸ்ஸுக்கு! ஒரு பிள்ளை சாகறான்!"

பெர்லா ட்ரெவினியோ ஓடினதைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். தங்கச் செருப்பை உதறிவிட்டு, கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, வெறுங்காலில் சரளைக்கல்மேல் வந்தாள். கிழிந்த மூட்டையிலிருந்து சோளம் சிந்துவது போல வழியெல்லாம் மருந்து சிந்தியது. மண்டியிட்டு ஒன்றை எடுத்தாள். உறையை எந்தப் பக்கம் பிரிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் அதை வாங்கிப் பிரித்து அடுத்த மூக்கில் அடித்தாள். ஊதினாள்.

ஓமார் இருமினான். மண்ணில் விழுந்த மீன் மாதிரி வாயைத் திறந்து காற்றை இழுத்தான். எழுந்து உட்கார்ந்து மிரேயாவின் ரிப்பன்மேலேயே வாந்தியெடுத்தான். பிறகு சுற்றிப் பார்த்து, "முரசு ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டான்.

நான் சத்தம் போட்டு அழுதேன். வெட்கமில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். படம் பிடித்த பையன் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். பெர்லா மகளைப் பார்த்தாள்.

"பூட்ஸுக்குள்ள வச்சிருந்தியா?"

"ஆமாம்மா. திட்டுங்க."

அவள் திட்டவில்லை. வாந்தியும் பசையும் ரிப்பனுமாக இருந்த பெண்ணை இழுத்து அணைத்தாள். இருவர் சட்டையிலும் கரடி மாட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை.

என் ஒலிபெருக்கியைக் கேட்டு மேல் வரிசையிலிருந்து எர்லிண்டா இறங்கி ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றின ஓமார் மருத்துவ உதவியாளரிடம் முரசைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"நான் இங்க இல்லவே இல்லை, கொமாத்ரே. நான் இல்லாமலே நடந்துடுச்சு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஆபெல் போன பிறகு நான் பார்த்ததில்லை.

இடைவேளையில் ஹோம்கமிங் ராணிக்கு முடிசூட்ட பெர்லா மைக்கோடு திடல் நடுவில் நின்றாள். வெறுங்கால், சரளைக்கல் கிழித்த ரத்தம். ராணியின் பெயரை வாசிக்க வேண்டியவள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள்.

"ஆபெல் கந்தூவுக்கு இதயம் நின்னுபோச்சுன்னு இந்த ஊருக்குச் சொன்னது நான்தான்" என்றாள். திடல் முழுக்க அவள் குரல். "அவன் இதயத்துக்கு ஒண்ணுமில்லை. ஒரு போலி மாத்திரை அவனைக் கொன்னுச்சு. அவங்க அம்மா அன்னைக்கே சொன்னா. நாம காதைப் பொத்திக்கிட்டோம். இன்னைக்கு ஓமார் உயிரோட இருக்கான்னா, அது அவ தைச்ச பையால. எர்லிண்டா, கீழ வா. இந்த மைக் உன்னோடது."

அவள் சூயியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மைக்கைக் கையில் வாங்கி இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். நெட்டைக் குரல்காரிக்கு மைக் எதற்கு என்று நான் நினைத்தேன். பிறகு கண்ணை மூடினாள். லா ப்ளூமா முழுவதும் கேட்க, ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும், தன் மகனின் கடைசிக் குறட்டையை விட்டாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள்.

"இந்தச் சத்தம் கேட்டா ரேடியோவைக் கொறைக்காதீங்க. எழுப்புங்க. எழுந்திரிக்கலைன்னா மூக்குல அடிங்க. உங்க பேர் ஒட்டாத மாத்திரையை, பெத்த தாயே குடுத்தாலும் வாயில போடாதீங்க. அவ்வளவுதான்."

யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ஒருத்தி எழுந்து நின்று தன் சாமந்தியைப் பிடித்து உலுக்கினாள். மணிகள் குலுங்கின. அடுத்தவள் எழுந்தாள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். வாசலில் பறிகொடுத்த பெண்கள் எல்லாரும் கூடையிலிருந்தும் தரையிலிருந்தும் பொறுக்கி மறுபடி பைக்குள் வைத்திருந்தார்கள். திடல் முழுக்க மணிச்சத்தம். எதிரணி ஊர்க்காரர்களும் எழுந்து நின்றார்கள். எர்லிண்டா நடுவில் நின்று, சூயியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுதாள் என்று பெர்லா சொல்வாள். நான் கிட்டேயிருந்து பார்த்தேன், சிரித்தாள்.

அன்றைக்குக் காட்டுப்பன்றிகள் கேவலமாகத் தோற்றார்கள். எத்தனைக்கு என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை.

இப்போது பெர்லாவே வாசலில் கூடையோடு நிற்கிறாள், உள்ளே வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைத் திணிக்க. வாங்காவிட்டால் அவளுக்கு முகம் சுருங்கிவிடும். எர்லிண்டாவின் மடியில் அதே கறுப்புப் பை இருக்கிறது. "பார்மசி, என்ன வச்சிருக்க?" என்று கேட்டால் ஒரே ஒரு சரக்குதான் கிடைக்கும். பல்வலிக்காரரைப் பல் டாக்டரிடம் துரத்துகிறாள். ஞாயிற்றுச் சந்தையில் மேஜை காலியாகிறது. தொப்பிக்காரப் பெரியவர் இரண்டு வாங்கிப்போனார், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று.

எங்கள் ஊர்ப் புருஷர்களுக்குத்தான் நிம்மதி போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் அசந்து தூங்க முடிவதில்லை. குறட்டை கேட்டால் போதும், எந்த வீட்டுக்காரியும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நெஞ்செலும்பில் கைமுட்டியால் தேய்க்கிறாள். என் வீட்டுக்காரரை நேற்றும் எழுப்பினேன். "உயிரோடதான்டி இருக்கேன், சனியனே!" என்று கத்தினார். கத்தட்டும். கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு நான் அடுப்படிக்குத் திரும்பிப் போனேன்.